மூன்று ராத்திரிக்கு ஒரு துறை

அத்தியாயம் பதினொன்று

அலாரம் அடிப்பதற்கு முன்பே ஜோஷ்வா எழுந்து உட்கார்ந்துவிட்டான். துபாயில் நான்கு வருஷம் ஐந்து மணி ஷிப்டுக்கு ஓடிப் பழகிய உடம்பு. லீவில் வந்து இருபத்தெட்டு நாளாகியும் அதற்கு விஷயம் தெரியவில்லை.

இன்று வியாழன். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் நிற்காவிட்டால் விசா போச்சு என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆபீசர்.

அந்த ஆபீசர் பார்க்க வருவது, பஞ்சாயத்துத் தலைவர் வரதன் போன மாதம் கொண்டுவந்து கொடுத்த விண்ணப்பத்தில் காட்டிய இடத்தை. உல்லாசப் படகுகள் வந்து மூன்று ராத்திரி வரைக்கும் கட்டி நிற்க, கடலோர ஊர்களில் சின்னத் துறைகள் அமைக்க அரசாங்கம் மானியம் தருகிறது. மிதக்கும் மேடை, குடிதண்ணீர், கரண்ட், கக்கூஸ். சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற படகுக்காரன் நடுவில் ஒதுங்க ஓர் இடம். ஊர் இடத்தைக் காட்டினால் போதும்.

"துபாய்ல இதே வேலதான பாக்குற? போட்டு கட்டற வேல? நீயே எய்திக் குடு தம்பி" என்றார் வரதன். "மானியம் வந்தா தொறைக்கு ஒரு ஆளு போடணும். அந்த ஆளு நீதான்."

அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஜோஷ்வா இருபத்தெட்டு நாளும் தூங்கினான். எட்டுப் பேர் படுக்கும் கேம்ப் அறைக்குத் திரும்ப வேண்டாம். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்து, ஆறங்குலத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

அம்மா பொன்னி சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் அறை கூட்டுகிற யூனிபார்ம் புடவையைக் கட்டியாகிவிட்டது. ஆறரை வேனுக்கு ஓட வேண்டும்.

"இன்னும் ரெண்டு நாளு கீதேம்மா. அதுக்குள்ள எதுக்குப் பெட்டி?"

"எனுக்கு எப்ப நேரம் கெடைக்குதோ அப்பத்தான கட்ட முடியும்? நாளிக்கு டபுள் டூட்டி." கருவாட்டுப் பொட்டலத்தைப் பேப்பரில் மூன்று சுற்று சுற்றி, கவரில் போட்டு, மறுபடி ஒரு கவரில் போட்டாள். "ரெண்டு வருசத்துக்கு ஒரு மாசம் உன்னப் பாக்குறேன். அதுலயும் பாதி நாளு அந்தக் காயிதத்தோட குந்திகினு இருந்த."

"அந்தக் காயிதம் பலிச்சுதுன்னா பெட்டியே வாணாம்மா."

"பலிக்கட்டும். நான் வாணாம்னா சொன்னேன்? ஜெபம்கூடப் பண்ணிக்கினுதான் கீறேன்." பெட்டியின் மூலையில் கருவாட்டை வைத்து அழுத்தினாள். "இருந்தாலும் கட்டி வெக்கறேன்."

"நைனா எங்க?"

"இருட்டோட மம்முட்டி எத்துக்கினு போச்சு. எங்கன்னு கேட்டா அது என்னிக்குச் சொல்லிக்கீது?"

புதுக்கழியில் அவர்கள் குடிவந்து ஐந்து வருஷம்தான். அதற்கு முன்னால் திருப்போரூர்ப் பக்கம். நைனா ராஜேந்திரனுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. வயல்கள் வரிசையாகக் கல் நட்டு பிளாட் ஆனதும் தண்ணீர் கட்ட வயல் இல்லை. இங்கே வந்து, ஊரை ஒட்டிய உப்பங்கழியில் டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற துடுப்புப் படகில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். அப்போது ஜோஷ்வா துபாய்க்குப் போகிற அவசரத்தில் இருந்தான். இந்தக் கழியை அவன் சரியாகப் பார்த்ததே இந்த லீவில்தான்.

பார்த்தது அழகாகத்தான் இருந்தது. மழைத்தண்ணீர் வடியாமல் கரை தளும்ப நின்றது. கடலுக்குப் போகிற முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. ஒரே குறை, நின்ற தண்ணீர் பச்சையாகி நாறியது. ஆபீசர் மூக்கைப் பிடித்துக்கொள்வாரே என்று ஒரு வாரமாக ஜோஷ்வா புலம்பாத நாளில்லை.

இன்று காலை அவன் கழிக்கரைக்குப் போனபோது நாற்றம் இல்லை.

முகத்துவாரத்து மணல்மேட்டில் நைனாவும் இன்னும் நான்கு படகுக்காரர்களும் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். மணலை வெட்டி விட்டிருந்தார்கள். இரண்டு முழம் அகலத்துக்கு வெட்டிய வாய்க்கால், அவன் பார்க்கப் பார்க்க இரண்டு கரையையும் தின்று பத்தடி ஆனது. பச்சைப் பாசியெல்லாம் திரைச்சீலை மாதிரி இழுபட்டுக் கடலுக்குப் போனது.

"இன்னா நைனா, இத்தயெல்லாம் எப்ப யோசிச்ச?"

ராஜேந்திரன் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நாறுது நாறுதுன்னியே."

வரதன் வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "சூப்பர் அண்ணாத்த! இத்தினி நாளு இந்த அறிவு எங்க போச்சு? பத்து மணிக்கு ஆபீசரு வந்தா, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்."

ஜோஷ்வா சந்தோஷமாகக் கோலை எடுத்தான். அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்ட மூங்கில் கோல். மேடை வரப்போகிற இடத்தில் இறங்கி ஊன்றினான். ஆறரை அடி. விண்ணப்பத்தின் ஏழாவது கேள்விக்கு அவன் எழுதியிருந்த அதே இரண்டு மீட்டர். குறைந்தது ஒன்றரை மீட்டர் வேண்டும் என்று விதி. அதற்கு மேலேயே இருக்கிறது.

பத்து மணிக்கு ஆபீசர் வரவில்லை.

பத்தேகாலுக்கு வரதன் போன் போட்டார். ஸ்பீக்கரில் மேளச் சத்தமும் ஹாரன் சத்தமும்தான் முதலில் வந்தன. இன்று மாசி மகம். மாமல்லபுரத்தில் பெருமாள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளியிருந்தார். ரோட்டில் ஊசி குத்த இடமில்லை. ஜீப் நகரவில்லை என்றார் ஆபீசர் நரசிம்மன். நகராத ஜீப்பில் உட்கார்ந்திருப்பதற்கு, தானும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

"முழுக்கா! முழுகிட்டு எப்ப சார் வருவீங்க?"

போன் கட்டாகிவிட்டது.

பதினொன்றரைக்கு ஜோஷ்வா சும்மா இருக்க முடியாமல் கோலை ஊன்றினான். ஐந்தரை அடி.

தப்பாக ஊன்றிவிட்டோமோ என்று இரண்டடி தள்ளி ஊன்றினான். ஐந்தே கால்.

முகத்துவாரம் இப்போது ஒரு லாரி அகலத்துக்கு இருந்தது. கடல் இறங்கிக்கொண்டிருந்தது, கழி அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு நாலு அடி. இரண்டு மணிக்கு இரண்டரை.

"நைனா, மூடிடலாமா? மூட்டையில மண்ணு ரொப்பிப் போட்டா?"

"எத்தினி மூட்டைடா போடுவ?" ராஜேந்திரன் கவிழ்த்துப் போட்ட படகு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "தொறந்துட்ட தண்ணி. இனிமே அதா நின்னாத்தான் உண்டு."

"நீ இன்னா இவ்ளோ சாவகாசமா குந்திகினு கீற?"

"காத்தாலேந்து மண்ணு வெட்டினவன்டா நானு. நாஸ்தாகூட துன்னல."

நைனாவின் கட்டுச்சோறு துணி அவிழ்க்காமல் பக்கத்திலேயே கிடந்ததை ஜோஷ்வா பார்த்தான். அப்போது அவனுக்கு எதுவும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. பின் ஸீட்டில் ஈர வேட்டி விரித்துக் காயப் போட்டிருந்தது. ஆபீசர் நெற்றியில் பளிச்சென்று நாமம். அதற்குக் கீழே பத்து நாள் தூங்காத மாதிரி கண். நரசிம்மன் இறங்கி, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, விண்ணப்பத்தை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் பிடித்தபடி நடந்தார்.

கண்ணுக்கு எட்டியவரை சேறு. நடுவில் ஒரு வெள்ளிக் கோடாகத் தண்ணீர். கரையோரம் கட்டியிருந்த இரண்டு துடுப்புப் படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. நாரை ஒன்று, மேடை வரவேண்டிய இடத்தில் நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"துறை எங்கப்பா வருது?"

ஜோஷ்வா கையைக் காட்டினான். நாரை பறந்தது.

"அங்க போட் எப்படி நிக்கும்? காலால நிக்குமா?"

வரதன் முன்னால் பாய்ந்தார். "சார், நீங்க காத்தால வந்திருந்தா கத வேற சார். ஆளு முழுகற தண்ணி. மதியானத்துல கொஞ்சம் அப்டித்தான்..."

"தலைவரே, போட் காத்தால மட்டும் மிதந்தா போதுமா? மதியானம் படுத்துத் தூங்கிட்டு எழுந்துக்குமா?"

அவர் கோலை வாங்கித் தானே இறங்கினார். ஒன்றரை அடி. சேறு முழங்காலைப் பிடித்தது. ராஜேந்திரன் போய்க் கைகொடுத்து வெளியே இழுத்தார்.

கரையில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து நரசிம்மன் மூச்சு வாங்கினார். விண்ணப்பத்தைப் புரட்டினார். "ரொம்ப நன்னா எழுதியிருக்கேள். இந்த மாவட்டத்துலேந்து வந்த ஒன்பதுல, மேடைய எப்படிக் கட்டணும்னு வரைஞ்சு அனுப்பினது இது ஒண்ணுதான். யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"ஏழாம் கேள்வி. கடல் வத்தி, தண்ணி ரொம்பக் குறைஞ்சிருக்கற நேரத்துல எவ்வளவு ஆழம்? ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கு. எப்ப அளந்தேள்?"

"போன மாசக் கடைசியில சார்."

"அப்ப முகத்துவாரம்?"

"மூடியிருந்துச்சு சார்."

வரதன் குனிந்து, ரகசியம் மாதிரி ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "சார், மொகத்துவாரம் மூடிக்கும் சார். வருசா வருசம் மூடிக்கும். மூடினா ரெண்டு மீட்டரு. அத்தையே வெச்சிக்கலாமே."

"மூடிண்டா உள்ள இருக்கற போட் எப்படி வெளில போகும்?"



ராஜேந்திரன் ஆபீசரிடம் முதல்முறையாகப் பேசினார். "மூணு ராவு தங்க வந்தவன் மூணு மாசம் தங்கணும் சார். ஊருல ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சி, மாப்ளையாக்கிக்க வேண்டியதுதான்."

நரசிம்மன் சிரித்துவிட்டார். சிரிப்பு சீக்கிரமே முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியைத் தேடி, பேன்ட்டில் இருப்பது நினைவு வந்து, சட்டையில் துடைத்தார்.

"எனக்கு ரிட்டையர் ஆக ஆறு மாசம் இருக்கு. ஒன்பது ஊர் பாக்கணும், நாலு நாள்தான் குடுத்திருக்கா. நான் எழுதப் போறது, இடத்தைப் பாத்தேன்னு மட்டும்தான். ஆழத்துக்குப் பொறுப்பு விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டவர். ரெண்டு மீட்டர் சரிதான்னு நீங்க சொன்னா, அப்படியே மேல போயிடும். மெட்ராஸ்ல யாரும் கோலை எடுத்துண்டு வரப்போறதில்லே." பேனாவை நீட்டினார். "சொல்லுங்கோ, சரிதானா?"

வரதன் ஜோஷ்வாவின் முழங்கையைக் கிள்ளினார். "சரின்னு சொல்லு தம்பி."

ஜோஷ்வா பேனாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பெட்டியிலிருந்து கருவாட்டை எடுத்து வெளியே வைக்கலாம்.

போன வருஷம் ரமலான் சமயம். அவன் வேலை பார்க்கும் துறையில் ஒரு வெள்ளைப் படகை ஆழமில்லாத பக்கம் கட்டச் சொல்லி மேலதிகாரி சீட்டுக் கொடுத்தார். ஆழம் இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தது. தண்ணீர் வற்றியதும் படகு மெல்லச் சாய ஆரம்பித்தது. உள்ளே ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜோஷ்வாவும் ஒரு வங்காளத்துப் பையனும் ஆளுக்கொரு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் திரும்புகிறவரை நின்றார்கள். குழந்தை கடைசிவரை எழுந்திருக்கவேயில்லை. கயிறு அறுத்த தழும்பு அவன் இடுப்பில் இன்னும் இருக்கிறது. எப்படி வந்தது என்று பொன்னி கேட்டதற்கு, பெல்ட்டு என்று சொல்லி வைத்திருந்தான்.

"தப்பு சார்" என்றான்.

"டேய்!" என்றார் வரதன்.

"அடச்சு வெச்ச தண்ணிய அளந்துட்டேன் சார். அது கணக்கு இல்ல. இன்னிக்கு நீங்க பாத்ததுதான் சார் ஆழம்."

சொல்லி முடித்ததும் காதுக்குள் விமானம் இரைகிற மாதிரி இருந்தது. நைனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நரசிம்மன் இரண்டு மீட்டரை அடித்து, பக்கத்தில் ஒன்றரை அடி என்று எழுதி, ஜோஷ்வாவிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பாரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"ஆழம் பத்தலேன்னா தூர் வாரவும், முகத்துவாரம் மூடாம ரெண்டு பக்கம் கல்லு கொட்டவும், இதே மானியத்துல தனியாக் கேக்கலாம். பாரத்துல கடைசிப் பக்கத்துல இருக்கு. அந்தப் பக்கத்தை யாரும் படிக்கறதில்லே. ஆனா அதுக்கு அளவு வேணும். பௌர்ணமியிலேந்து நாலு நாள், மூணு மணிக்கு ஒரு தரம், ராத்திரி பகல். இன்னிக்கு பௌர்ணமி."

"எப்ப சார் குடுக்கணும்?"

"திங்கக்கிழமை காலம்பற பத்து மணிக்கு, செங்கல்பட்டு ஆபீஸ்ல. அளந்தவரே நேர்ல வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும். தபால்ல அனுப்பினா எடுத்துக்க மாட்டா. பத்தரைக்கு ஃபைல் மெட்ராஸ் போயிடும்."

"கெடைக்குமா சார்?"

"கிடைக்கும்னு சொன்னா நானும் ஏழாம் கேள்வி மாதிரி ஆயிடுவேன்." செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "கேட்டாத்தானே இல்லேன்னு சொல்ல முடியும்? கேளுங்கோ."

ஜீப் போனது. வரதன் மோட்டார் சைக்கிளை உதைத்த உதையில் எல்லாம் இருந்தது.

ஜோஷ்வா படகு நிழலுக்குப் போனான். அவிழ்க்காத கட்டுச்சோற்றைப் பார்த்தான். பசியோடு, பக்கத்திலிருந்த சோற்றைக்கூடத் தொடாமல், தண்ணீர் வடிவதற்குத்தான் காத்திருந்திருக்கிறார். நைனாவைப் பார்த்தான்.

"உனுக்குத் தெரியும்."

ராஜேந்திரன் பீடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நைனா, உன்னத்தான். வெட்டுனா தண்ணி வடிஞ்சிடும்னு உனுக்குத் தெரியும்."

"நாப்பது வருசம் மடை தொறந்து மூடினவன்டா. மடையத் தொறந்தா வயலு இன்னா ஆவும்னு எனுக்கு எவனாவது கிளாஸ் எடுக்கணுமா?"

"தெரிஞ்சே வெட்டுன! அதுவும் இன்னிக்கி! நான் இங்க இருக்கக் கூடாதுன்னுதான?"

பீடி கிடைத்தது. பற்ற வைக்கவில்லை. "ரெண்டு மீட்டருன்னு உம்பேருல எய்திக்கீற. நாளிக்கு எவனோ குடும்பத்தோட வந்து கட்டுவான். தண்ணி வத்தி போட்டு சாஞ்சா, தலைவரையா புடிப்பாங்க? ஜோஷ்வா யாருன்னுதான் கேப்பாங்க."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. நீ அளக்கும்போது இதே கோலப் புடிச்சிகினு நின்னது யாரு? மூடின தண்ணிய அளக்காதடான்னு சொன்னேன். 'உனுக்கு ஒண்ணும் தெரியாது நைனா, அங்கெல்லாம் எப்டி அளப்பாங்கன்னு நான் பாத்துக்கீறேன்'னு சொன்ன." குரலில் கோபம் இல்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னார். "ஒரு வாட்டி சொன்னேன். துபாய்லேந்து வந்த புள்ளைக்கு ரெண்டாவது வாட்டி சொல்ல எனுக்கு வாய் வரல. மம்முட்டிதான் வந்துச்சு."

ஜோஷ்வா மணலில் உட்கார்ந்தான். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கட்டுச்சோற்றை அவிழ்த்தான். புளிச்சோறு. பாதியைத் தூக்கு மூடியில் வைத்து நைனா பக்கம் தள்ளினான். இரண்டு பேரும் தின்றார்கள்.

ஐந்தரைக்கு ரிசார்ட் வேன் பொன்னியை ரோட்டில் இறக்கிவிட்டது. வெற்றுக் கழியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நடந்ததையெல்லாம் ஜோஷ்வா நான்கே வரியில் சொன்னான்.

"திங்கக்கெயமயா?" என்றாள். "ஏரோப்ளேனு சனிக்கெயம."

"ஆமா."

"கெடைக்கும்னு சொன்னாரா?"

"சொல்லலம்மா."

அவள் பையிலிருந்து ரிசார்ட்டில் கொடுத்த இரண்டு ரொட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "பெட்டிய மூடல. தொறந்துதான் வெச்சிக்கீறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஆறு மணி. கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. முகத்துவாரம் வழியாக ஒரு நாக்கு மாதிரித் தண்ணீர் உள்ளே வந்து சேற்றை நக்கியது. முதல் அளவு எடுக்க வேண்டிய நேரம்.

ராஜேந்திரன் கேட்காமலே வேட்டியை மடித்துக் கட்டி, கோலோடு இறங்கி நின்றார். ஜோஷ்வா நோட்டைத் தொடையில் வைத்து, ஸ்கேல் இல்லாமல் சிகரெட் அட்டையால் கோடு போட்டான். நேரத்துக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு பத்தி. வியாழன். வெள்ளி. சனி. கை நிற்காமல் போனது. ஞாயிறு.

"ரெண்டடி" என்று கூவினார் ராஜேந்திரன். "ரெண்டடி, ஒரு வெரக்கட."

எழுதினான்.

அவர் கரையேறி வந்து, எழுதியது சரியா என்று பார்க்கிறவர் மாதிரி நோட்டின் மேல் குனிந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கோடுகளை எண்ணத் தெரியும். ஈர விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது பத்தியில் விரல் நின்றது. காகிதத்தில் ஈரம் பரவியது.

"சனிக்கெயம ராவு நீ ஏரோப்ளேன்ல இருப்ப" என்றார். "ஞாயித்துக்கெயம இத்த யாருடா அளப்பா?"

ஜோஷ்வா நோட்டை மூடவில்லை. ஈரம் பட்ட இடத்தை ஊதிக் காயவைத்தான்.

"அடுத்தது ஒம்போது மணிக்கு நைனா" என்றான். "கோல அங்கியே ஊனி வெய்யி."